பிளக்கு சொன்ன 'தீ'

திருப்பதி வட்டாரத்தில் கோளாறைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லக்கூடிய மெக்கானிக் ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஏரியில் சுற்றுலா மோட்டார் படகை ஓட்டியவரும் அவரே, அதற்கு வைத்தியம் பார்த்தவரும் அவரே. அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ உண்டு. நாங்கள் வைத்த பெயர் பிளக்கு. எஞ்சின் இருமினாலும் ஸ்பார்க் பிளக்குதான் காரணம், நின்றாலும் பிளக்குதான். படகைக் குத்தகைக்கு எடுத்திருந்த கான்ட்ராக்டருக்குத் தலைவலி என்றாலும், "பிளக்கக் கயட்டித் தொடச்சா சரியாப் பூடும்" என்பார்.

அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து நான் அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வெதுருகுப்பத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். படகுக்கு எப்படி வந்தார் என்று கேட்டேன்.

"இதுவும் தண்ணி மோட்டாருதான் நைனா. அது தண்ணிய மேல தள்ளுது, இது பின்னால தள்ளுது. அவ்ளோதான்."

எங்களிடம் தமிழ் பேசுவார். எஞ்சின் வேலை என்று வந்துவிட்டால் தெலுங்குதான். "ஆந்திரா எஞ்சினு. தமிழ்ல சொன்னா அதுக்கு இன்னா தெரியும்?" என்பார். அது ஜப்பானில் செய்தது என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

கோடை விடுமுறைக் கூட்டம் வரத் தொடங்கிய நேரம் பார்த்து எஞ்சினுக்கு ஒரு நோய் வந்தது. கரையிலிருந்து கம்பீரமாகக் கிளம்பும். நடு ஏரிக்குப் போனதும் நடுங்கும், இருமும், நின்றுவிடும். அவர் பிளக்கைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, தெலுங்கில் அதற்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி மாட்டுவார். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, இறுக்கி மூடுவார். கயிற்றை இழுத்தால் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பும். "பாத்தியா, பிளக்கு" என்பார். அடுத்த சவாரியிலும் அதே நடு ஏரி, அதே நடுக்கம்.

கான்ட்ராக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொருவாட்டி நடுவுல நின்னுச்சுன்னா, அப்படியே எறங்கி ஊருக்குப் போயிடு. அர்த்தமைந்தா, புரிஞ்சுதா?" என்றார். பிளக்கு ரோஷமாகத் தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்து, "வேல பூட்டா வூட்ல இன்னா சொல்றது நைனா?" என்று மெல்லக் கேட்டார். பிளக்கோ எஞ்சினோ இல்லாமல் அவர் ஒரு வாக்கியத்தை முடித்தது அன்றுதான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

மறுநாள் துணைக்கு நானும் படகில் ஏறினேன். காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. மலையில் மொட்டை போட்டு, திருச்சானூரில் தாயாரையும் பார்த்து, புண்ணியத்தில் பாக்கி வைக்காமல் வந்தவர்கள். படகு நிறையச் சந்தனம் பூசிய தலைகள்.

நடு ஏரி. எஞ்சின் வழக்கம்போல நடுங்கியது, ஒரு வாய்ப் புகையைத் துப்பியது, நின்றது. பிளக்கு பதறிப்போய் என்னைப் பார்த்துக் கத்தினார். "பிளக்கு தீ! தீ, தீ!"

தெலுங்கில் 'தீ' என்றால் கழற்று என்று அர்த்தம். எங்களுக்கு அது தினசரி வார்த்தை. காஞ்சிபுரத்துக்குத் தெரியுமா?

"தீயாம், குதிங்க" என்றார் குடும்பத் தலைவர். லைஃப் ஜாக்கெட்டோடு மொத்தக் குடும்பமும் குதித்தது. அந்தக் கோடையில் ஏரியில் இடுப்பளவுதான் தண்ணீர். குதித்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் மட்டும் நிற்க மறந்து, காலை மடக்கி மிதந்தபடி கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு எல்லாரும் எறங்கிக்கினு கீறீங்க?" என்று பிளக்கு நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அவர் ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றியபோது, பெட்ரோலையாவது பார்ப்போமே என்று நான் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் தலையில் காற்று போக ஒரு சின்னத் திருகு உண்டு. அது இறுக மூடியிருந்தது. காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் வெளியே வரும்? அவர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் எஞ்சினுக்கு மூச்சு வந்திருக்கிறது. பெயர் மட்டும் பிளக்குக்குப் போயிருக்கிறது.

"இந்தத் திருக யாரு மூடினது?"

"நான்தான். பெட்ரோலு விக்கிற வெலைக்கு ஆவியாப் போவ வுடலாமா?" என்றார் பெருமையாக.

அவர் பிளக்கைக் கழற்றக் குனிந்ததும் நான் திருகைத் தளர்த்திவிட்டேன். அவர் பிளக்கைத் துடைத்து மாட்டினார். கரைவரை எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

கரையில் கான்ட்ராக்டர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். நனைந்த மொட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில், பிளக்கின் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் குடும்பத் தலைவர் முந்திக்கொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்த கதையை அவர் எந்த முகத்தோடு சொல்வார்? "வெயிலு தாங்கல சார். நாங்களாத்தான் நிறுத்தச் சொல்லி எறங்கினோம்" என்றார்.

கான்ட்ராக்டர் நம்பாமல் என் பக்கம் திரும்பினார். "எஞ்சின்ல இன்னாய்யா கோளாறு?"

"பிளக்குதான் சார். தொடச்சாச்சு, இனிமே நிக்காது" என்றேன்.

பிளக்கு என்னைப் பார்த்த பார்வையில், கடைசியில் ஒரு சீடன் கிடைத்துவிட்ட நிறைவு இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் டிக்கெட் கவுன்ட்டரைத் திறக்கும் முன் போய் அந்தத் திருகைத் திறந்துவிட்டு வருவேன். சாயங்காலம் அவர் அதை இறுக்கிவிட்டுப் போவார். இப்போது எனக்குச் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை. கிளம்பிய அன்று, என் இடத்துக்கு வந்தவரிடம் டிக்கெட் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் திருகைத்தான் காட்டினேன்.

"காலைல இதத் தொறந்து வுட்டுடுங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சி பூடுவாரு."