நீல லேபிளில் இருந்த தனலட்சுமி

பாட்டே கேட்காமல் இசைத்தட்டுக்காக அலைந்த ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்கள் 'லேபிள்'தான். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் அவன் கிரேன் ஓட்டினான். நான் கீழே கேட் பாஸ் எழுதினேன். அவன் வீட்டில் கட்டிலுக்கு மேலும் கீழும் இசைத்தட்டுகள். ஓட்டிப் பார்க்க ஒரு பெட்டி கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம் போதும் அவனுக்கு. அதன் நிறத்தையும் கம்பெனி முத்திரையின் அளவையும் பார்த்தே முதல் அச்சா, பிறகு வந்ததா என்று சொல்லிவிடுவான்.

எர்ணாவூரில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் ஆசையாகப் பழைய பாட்டு வைத்திருந்தார். கூட்டம் சொக்கிப்போய்த் தலையாட்டும்போது இவன் போய் ஊசியைத் தூக்கிவிட்டான்.

"இன்னாய்யா பண்ற? பாட்டு ஓடிகினு கீதுல்ல?"

"சுத்திகினே இருந்தா லேபிள எப்டி நைனா படிக்கிறது?"

பந்தியில் எங்கள் இருவருக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

யார்டு வாசலில் மீன் விற்ற தனலட்சுமி அக்கா, முகத்துவாரக்குப்பத்துக்காரர். "சின்ன வயசுல நானு ரிகார்டுல பாடிகிறேன், பேரெல்லாம் போட்டாங்க" என்பார். டிரைவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு டிரைவர் அக்கா சொன்ன அந்தப் பாட்டின் தட்டைப் பழைய கடையில் பிடித்து வந்து எல்லோர் முன்னாலும் நீட்டினான். "எங்க கீதுக்கா உன் பேரு? 'குழுவினர்'னு மட்டும்தான் கீது!" அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாளிலிருந்து எங்கள் வாசலுக்கே வரவில்லை.

விஷயம் கேட்டதும் லேபிள் கிரேனிலிருந்து இறங்கி ஓடி வந்தான். தட்டை வாங்கிப் பார்த்தவன் குதித்தான்.

"இது ரெண்டாவது அச்சு மாமு! செவப்பு லேபிள். முத்திரைய பெருசாக்கிட்டானுங்க, எடம் பத்தாம பேர தூக்கிட்டானுங்க. மொத அச்சு நீலம். அதுல அக்கா பேரு இருந்தே தீரும்!"

அதன்பின் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லாமல் போயிற்று. ராயபுரம் முதல் மாதவரம் வரை நாங்கள் நுழையாத பழைய சாமான் கடை இல்லை. கடைசியில் மாதவரத்தில், லாரி பட்டறை ஒன்றில், கிரீஸ் டப்பாவுக்கு மூடியாக இருந்தது ஒரு தட்டு. அழுக்குக்கு நடுவே விரல் அகலத்துக்கு நீலம். லேபிள் போட்ட கூச்சலில் மெக்கானிக் ஸ்பானரைக் காலில் போட்டுக்கொண்டார்.

தட்டில் குறுக்கே பெரிய விரிசல். "இது ஓடாதேடா" என்றேன்.

"ஓட்டறதுக்கா வந்தோம்? படி மாமு, படி!"

சட்டைமுனையால் துடைத்தான். வெள்ளி எழுத்தில், பொடியாக: 'மற்றும் தனலட்சுமி.' என்னை நடுரோட்டுக்கு இழுத்து வந்து தூக்கிச் சுற்றினான்.

அப்படியே குப்பத்துக்குப் போனோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு, "இது பாடாதா?" என்றார்.

"பாடாதுக்கா."

"அப்ப நானே பாடறேன்."

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். லேபிள் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டான். முடிந்ததும், "இன்னொரு தபா பாடுக்கா" என்றான்.

மறுவாரம் அக்கா மீன் கூடையோடு எங்கள் வாசலுக்குத் திரும்பினார். முதலில் போய் மீன் கேட்டவன் அந்த டிரைவர்தான்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஆனாலும் ஞாயிறு மதியம், சரியாகச் சாப்பிட உட்காரும்போது, ஏதோ ஒரு லேபிளைப் பற்றிக் கத்துவதற்கு அவன் போன் செய்துவிடுவான். போன் வராத ஞாயிறுகளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.