கைதட்டினால் கோபிக்கும் பாடகர்

உலகத்தில் உள்ள பாடகர்கள் எல்லாம் சபை கைதட்டாவிட்டால்தான் கோபிப்பார்கள். தட்டினால் கோபித்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ரெண்டுநாலார்தான்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில், பரமட்டாவில் ஒரு பழைய வீட்டில் அறை எடுத்து இருந்தோம். எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அறைக் கூட்டாளி சிவம் பாலங்களுக்குப் படம் கீறும் பொறியியலாளன். இருவரும் யாழ்ப்பாணம். மாடி அறையில் இருந்தவர்தான் ரெண்டுநாலார். இங்கிலாந்துக்காரர், ஆறடி உயரம், சோல் பாட்டுக்காரர். சோல் என்றால், காதலி விட்டுப் போனதைக் கடவுளிடம் முறையிடுவதுபோல் தொண்டை கிழியப் பாடுவது. நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, தேவாலயத்தில் பாடிப் பழகி, ஒரே ஒரு இசைத்தட்டால் அந்த நாட்டையே ஒரு வருடம் ஆட்டிவைத்தவராம். அதற்குப் பிறகு இறங்குமுகம். எல்லாவற்றுக்கும் காரணம் கைதட்டல்.

பாட்டின் தாளத்தை நாலு நாலாக எண்ணினால், சனங்கள் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள். சோல் பாட்டுக்கு இரண்டிலும் நாலிலும்தான் தட்ட வேண்டுமாம்; ரெண்டுநாலார் என்று நாங்கள் பெயர் வைத்தது அதனால்தான். மாற்றித் தட்டினால் பாட்டை நிறுத்திவிடுவார். மேடையிலிருந்து இறங்கிப் போய், தட்டியவரின் இரண்டு கைகளையும் பிடித்துப் பாடம் நடத்துவார். ஒருமுறை ஒரு நகரபிதாவின் கைகளையே பிடித்துவிட்டார். அந்த ஊரில் அதற்குப் பிறகு அவருக்குக் கச்சேரி இல்லை. ரயில் கடவை மணியைப் பார்த்து, "ஒண்டில அடிக்காதை!" என்று அவர் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். பேசியது இங்கிலீஷ்தான், என் நினைவில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

கடைசியில் அவரோடு வந்த வாத்தியக்காரர்களும் சண்டை பிடித்துக்கொண்டு மெல்பேர்னுக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கிளப் முதலாளி, இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை பின்னேரம் வந்து பாடிக் காட்டச் சொன்னார். பிடித்தால் ஒரு வருட வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை விமானம், ஊரில் மைத்துனரின் மீன் பொரிக்கும் கடை, பாட்டுக்கு முழுக்கு.

"வாத்தியம் வேண்டாம். என்ர குரலும் நாலு கையும் போதும்" என்று எங்கள் கைகளைப் பார்த்தார்.

அந்த இரண்டு கிழமையும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். காலால் ஒன்று, கையால் இரண்டு. எனக்கு ஒருவாறு பிடிபட்டது. சிவம்தான் பாவம். சின்ன வயதிலிருந்து வெள்ளிக்கிழமை பஜனையில் முதல் எண்ணிக்கையில் தட்டி வளர்ந்த கை.

"துரை, ஒண்டு வந்தவுடனை கை தானாப் போகுது. நான் என்ன செய்யிறது?"

"என்னையே பாத்துக்கொண்டு தட்டு. கண்ணை மட்டும் மூடிப்போடாதை!"

சனிக்கிழமை வந்தது. கிளப்பில் கதிரைகள் எல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. முதலாளி தனக்கு மட்டும் ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். "ஒரு பாட்டு. நாலு நிமிசம்."

தொடக்கம் சரியாகத்தான் போனது. இரண்டு, நாலு. இரண்டு, நாலு. குசினியில் அவர் எண்ணிக்கை சொன்னாரே தவிர, முழுக்குரலில் பாடியதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால், சிவம் கண்ணை மூடிவிட்டான். போச்சு! அடுத்த வரியிலேயே அவன் கை ஒன்றுக்குப் போய்விட்டது. முருகன் சந்நிதியில் நிற்கிறான், பாவி. நான் இரண்டில், அவன் ஒன்றில். முதலாளியின் புருவம் ஏறியது.

"மச்சான், கண்ணைத் திற!" என்று குசுகுசுத்தேன். அவனுக்குக் கேட்கவில்லை.

ரெண்டுநாலார் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. வலக்கை மேலே எழுந்தது. நிறுத்தப்போகிறார். நிறுத்தினால் மீன் கடைதான். சிவத்தின் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, தூக்கிய கையோடு அவர் ஒரு வரி முழுவதையும் பாடினார். பிறகு அந்தக் கை இறங்கி மற்றக் கையில் பட்டது. ஒன்றில்! நானும் அவசரமாக மாறினேன். மூன்று பேரும் சேர்ந்து, சோல் உலகத்துக்கே அடுக்காத ஒரு பஜனையைப் பாடி முடித்தோம்.

முதலாளி கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். "குரலுக்கு வேலை இருக்கு. இந்த ரெண்டு பேரையும் மட்டும் இனிக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது."

"வரமாட்டினம்" என்று ரெண்டுநாலார் எங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார்.

பஸ் தரிப்பில் சிவம் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ துரை. எல்லாத்தையும் நாசமாக்கப் பாத்தன்."

"நிப்பாட்டத்தான் கையைத் தூக்கினனான்" என்றார் ரெண்டுநாலார். "நீ அழுதுகொண்டு நிண்டாய். அழுகிற ஆளை எப்பிடியடா நிப்பாட்டிறது?"

சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று மும்முரமாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஆம்பிளைகள் நடுத்தெருவில் அப்படிச் செய்வதில்லை என்று பேசாமல் நின்றுவிட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.