ஜாடியைத் தொடாத ஏழு நாள்

எனக்கும் பொறுமை உண்டு என்று ஏழே நாளில் நிரூபித்துக் காட்டுவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் செய்தேன். சபதத்தை முடிக்கும் அவசரத்தில் காபியில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அது வேறு விஷயம்.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் விசில் ஊதுவது என் உத்தியோகம். விசில் இல்லாமலே வீட்டிலும் ஊதுகிறேன் என்பது என் மனைவியின் புகார். "உங்களுக்குப் பொறுமையே கிடையாதுங்க" என்பதைப் பன்னிரண்டு வருஷமாக, மூன்று வேளையும் மருந்து மாதிரி கொடுத்து வருகிறாள்.

அன்று மகளின் அறிவியல் புத்தகம் கையில் கிடைத்தது. வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து, ஜாடியில் ஊற்றி, நூலைத் தொங்கவிட வேண்டும். ஏழு நாளில் நூலில் கற்கண்டு வளருமாம்.

"அசைக்காம காத்திருந்தா தானா வரும்! வந்துட்டா, 'பொறுமையில்லே'ங்கிற பேச்சே இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

"வரலேன்னா?" என்றாள் மனைவி.

"ஒரு வருஷம் பாத்திரம் நான் கழுவறேன்!"

என் வாய்க்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது. அதே வேகத்தில் அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை இறக்கினேன்.

"என்னங்க, அந்த டப்பால..."

"விஞ்ஞானி வேலை செய்யறப்போ குறுக்கே பேசாதே."

"இல்லீங்க, அது வந்து..."

"உஷ்!"

அடங்கிவிட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். நான் சொல்லி அவள் அடங்கியது அதுதான் முதல் தடவை.

ஒரு கப் தண்ணீரில் மூன்று கப் சர்க்கரை கரையும் என்றது புத்தகம். எனக்கு அரைக் கப்பிலேயே, இனிமேல் கரைய மாட்டேன் என்று அடியில் உட்கார்ந்துவிட்டது. "புத்தகம் எழுதினவருக்குக் கலக்கத் தெரியலே" என்றேன். பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டிப்போவில் இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணிக்குப் போன் செய்தேன்.

"வளந்துடுச்சா?"

"ஜாடி இருக்குங்க."

பத்தேகாலுக்கு மறுபடியும். "இப்போ?"

"இப்பவும் ஜாடிதாங்க இருக்கு."

செவ்வாய்க்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தேன். புதனன்று ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். வியாழனன்று நகர்த்தியது தப்போ என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை, கொஞ்சமே கொஞ்சம், நூலை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

"அசைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேப்பா!" என்றாள் மகள்.

"அசைக்கலேம்மா. விசாரிச்சேன்."

சனிக்கிழமையும் நூலில் வெள்ளையாகத் தூசி மாதிரி ஏதோ இருந்ததே தவிர, வேறொன்றும் இல்லை. அடிப்பிடித்த பால் சட்டிகள் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

ஞாயிறு காலை நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். இருப்பதிலேயே பெரிய கற்கண்டாக ஒன்றை வாங்கி, வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் நூலில் கட்டி ஜாடிக்குள் இறக்கினேன். பத்து மணிக்குச் சாட்சியாக எதிர்வீட்டுத் தையல்காரம்மாவையும் கூப்பிட்டேன். டேப்போடு வந்தார். நூலைத் தூக்கினேன். கற்கண்டு பளபளத்தது.

"ஒண்ணேகால் இன்ச்!" என்றார் தையல்காரம்மா.

மகள் அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். "இனிக்குதுப்பா!"

"கற்கண்டு இனிக்காம பின்னே கரிக்குமா?" மனைவி பக்கம் திரும்பினேன். "இப்ப சொல்லு, எனக்குப் பொறுமை இருக்கா?"

"இருக்குங்க. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்களேன்."

வெற்றிக் களிப்பில் ஒரு மடக்கு நிறையக் குடித்தேன். கடலே தொண்டையில் இறங்கியது.

"உப்பு!"

"அதைத்தாங்க அன்னிக்குச் சொல்ல வந்தேன். சக்கரை தீந்துபோய், அந்த டப்பால உப்பைக் கொட்டி வெச்சிருந்தேன். நீங்கதான் உஷ்னுட்டீங்க."

"ஏழு நாளா தெரிஞ்சுமா வாயே திறக்கலே?"

"அசைக்காம காத்திருந்தா தானா வரும்னு நீங்கதானே சொன்னீங்க? வந்துடுச்சு."

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனேன். எங்கிருந்து தொடங்குவது என்று முதல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம்தான் நின்றிருப்பேன். பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது.

என் விசில்தான். என் மகள் ஊதிக்கொண்டிருந்தாள்.