மோப்பம் மைனியும் புகை பிடித்த அங்கிகளும்

மீன்குழம்பு அடிபிடித்த அன்று எங்கள் வீட்டுப் பின்வராந்தாவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி புஷ்பம், அவளுடைய தம்பி ஸ்டீபன், எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர், மோப்பம் மைனி. ஆறாவதாக ஒரு பூனை இருந்தது. அது வெளியே சொல்லாது. நாங்களும் இதுவரை சொல்லவில்லை. இப்போது நான் வாய் திறப்பது மைனியின் அனுமதியோடு. "எழுது மக்கா. ஆனா எனக்க மூக்கப் பத்திப் பெருமையா நாலு வரி எழுதிட்டு மத்ததுக்குப் போ" என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். அதை மீற எனக்குத் தைரியம் கிடையாது.

ஆகவே முதலில் மூக்கு. திருவட்டாறு வட்டாரத்தில் அப்படி இன்னொரு மூக்கு படைக்கப்படவில்லை. போலீஸ் நாய்க்காவது மோந்து பார்க்க ஒரு கைக்குட்டை கொடுக்க வேண்டும். மைனிக்கு அதுவும் வேண்டாம். அவள் யாருடைய அண்ணன் மனைவி என்பது ஊருக்கு மறந்துபோய் வெகுகாலம் ஆகிறது. சபை மொத்தத்துக்கும் அவள் மைனிதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

ஒரு ஞானஸ்நான விருந்துக்கு வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டில் நின்று, பாயசம் அடிபிடித்துவிட்டது, கிண்டாமல் மேலாகக் கோரி எடுங்கள் என்று குரல் கொடுத்தாள். சமையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்டியை உருளியின் அடிவரை விட்டு நன்றாகக் கிண்டினார். அன்றைக்கு ஊரே கருகின பாயசம் குடித்தது.

சவுதிக்குப் புறப்பட்ட ஒரு பையனுக்காக வீட்டில் ஜெபம் நடந்தது. பெட்டியைக் கட்டி, டேப் சுற்றி, பெயரும் எழுதி முடித்தாயிற்று. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மைனியும் மூடியிருந்தாள், ஆனால் மூக்கு திறந்திருந்தது. ஆமென் சொன்ன கையோடு, "மாங்கா ஊறுகா ஒழுகுது மக்கா. அந்த நீலச் சட்ட போச்சு" என்றாள். பெட்டியைப் பிரித்தார்கள். ஊறுகாய் ஒழுகியிருந்தது. சட்டை நீலம் என்பது எப்படித் தெரிந்தது என்று நான் இன்றுவரை கவலைப்படுகிறேன்.

கல்யாண வீடுகளில் இரவல் புடவை கட்டி வந்தவர்கள் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள். புடவை யாருடைய அலமாரியில் இருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். சொல்வதையும் மெதுவாகச் சொல்ல மாட்டாள்.

நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது. இனி அங்கிகள்.

நான் தையல்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் உட்கார்ந்தவன். டிகிரி வாங்கினவர்கள் நிறைந்த எங்கள் சபையில் எனக்கென்று இருந்த பொறுப்பு ஒன்றே ஒன்று, கொயர் அங்கி. வெள்ளைத் துணி, கழுத்தில் சிவப்புப் பட்டை. தைத்தது நான். பண்டிகைக்குப் பண்டிகை துவைத்து மடித்து எங்கள் வீட்டு மச்சில் மூட்டையாகக் கட்டி வைப்பதும் நான். மழை தூறினால்கூட மச்சு ஒழுகுகிறதா என்று ஏணி போட்டு ஏறிவிடுவேன்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டை எங்கள் பக்கத்தில் புகை போட்டுத்தான் உலர்த்துவார்கள். தேங்காய் மட்டையையும் சிரட்டையையும் மூட்டமாகப் போட்டு, மேலே கம்பில் ஷீட்டைத் தொங்கவிடுவார்கள். அதற்கென்று தோட்டத்தில் தனியாகப் புகைப்புரை உண்டு. ஸ்டீபனுடைய புகைப்புரையில் ஓடு உடைந்து ஒழுகியது. அவன் யோசித்தான். அக்கா வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்கிறது. அத்தான், அதாவது நான், கடைக்குப் போனதும் மூட்டம் போட்டான், திரும்புவதற்குள் அணைத்தான். அந்த அறைக்கு நேர் மேலேதான் மச்சு.

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கியபோது மூட்டையை அவிழ்த்தேன். ரப்பர் புகையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய செருப்பைக் கருவாட்டோடு சேர்த்து வறுத்தால் கிட்டத்தட்ட அது வரும். ஸ்டீபன் ஓர் அங்கியை எடுத்து முகர்ந்துவிட்டு, "நல்ல ஃபஸ்ட் கிரேடு மணமாக்கும் அத்தான்" என்றான்.

பண்டிகைக்குப் பேராயர் வருகிறார். கொயர் மாஸ்டர் செய்தி கேட்டு ஓடி வந்தார். பதறாண்டாம், வடசேரியில் வாடகைக்கு அங்கி கிடைக்கும், இனி வருஷா வருஷம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது பதவி நீக்கமாகக் கேட்டது.

புஷ்பம் துபாய் சென்ட் ஒன்றை எடுத்து ஓர் அங்கிக்கு அடித்தாள். எரிகிற வீட்டுக்குள் ஒரு கல்யாணப் பெண் மாட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. கொயர் மாஸ்டர் சாம்பிராணி போடச் சொன்னார். புகையை எடுக்கப் புகை. அதையும் செய்தோம். கடைசியில் நான் இஸ்திரிப் பெட்டியை மாட்டினேன். அது சூடாவதற்குள் வாசலில் மைனி நின்றாள்.

"பிளக்க ஊரு. சூடு வச்சா நாத்தம் நூலுக்குள்ள போய்க் குடியேறிரும்."

பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு வீடு அவளுடைய ஆட்சிக்குள் வந்தது. அங்கிகள் எல்லாம் கொடியில் ஏறின; மழை விட்ட இடைவெளியில் காற்றும் வெயிலும் பட்டன. பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறல், அலசல். காய்ந்ததும் பெரிய அண்டாவில் தளர்வாக அடுக்கி, நடுவில் ஒரு கிண்ணம் ஆப்பச் சோடாவை வைத்து மூடினோம். சென்ட் அடித்ததற்காகப் புஷ்பத்துக்கும், மூட்டம் போட்டதற்காக ஸ்டீபனுக்கும், இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றதற்காக எனக்கும் தனித்தனியாக ஏச்சு கிடைத்தது.

அண்டாவைத் திறந்த நாளில்தான் அந்த ஐந்து பேரும் வராந்தாவில் கூடினோம். மைனி அடுக்களை வாசலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் அங்கியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். போயாச்சு என்றாள். கொயர் மாஸ்டர் வாங்கி முகர்ந்தார். அவருடைய மூக்கு நெற்றியைப் பார்த்து ஏறியது. அதைக் கண்டதும் மைனி, உடம்பில்தான் போயிருக்கிறது, காலரில் நிற்கிறது என்றாள். இரண்டாவது அங்கியிலும் இதே கதை.

மூன்றாவது அங்கியை அவள் முகர்ந்துகொண்டிருந்தபோது அடுக்களையில் மீன்குழம்பு தீய ஆரம்பித்தது. பூனை எழுந்து ஓடியது. புஷ்பம் அதற்குப் பின்னால் ஓடினாள். மைனியின் தலைக்கு மேலே புகை திரண்டு வந்து நின்றது. அவளோ நிதானமாக அங்கியை இறக்கி, "இதுல ஒண்ணும் இல்ல" என்றாள்.

புஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். கேட்டில் நின்று பாயசத்தைக் கண்டுபிடித்த மூக்கு அது. மைனி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் புகையைப் பார்த்தாள். மடியில் இருந்த அங்கியைச் சுருக்கம் நீங்கத் தடவினாள்.

"அந்தக் காய்ச்சல்ல போச்சு மக்கா. ஊரடச்சுக் கிடந்தோமே, அப்ப. எல்லாருக்கும் திரும்பி வந்துது. எனக்கு வரல்ல."

ஸ்டீபனுக்கு மட்டும் வாய் அடங்காது. அப்படியென்றால் போன கிறிஸ்துமஸில் கேக்கில் முட்டை கெட்டுப்போனதை எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டான்.

"போதகரம்மா ஒரு துண்ட வாயில வச்சாவ. அவிய மூஞ்சி போன போக்கப் பாத்தேன்டே."

பாயசமும் ஊறுகாயும் காய்ச்சலுக்கு முந்தியவை. அதற்குப் பிறகு இவ்வளவு காலமும் மைனி மோந்து பார்க்கவில்லை. மோந்து பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லும்போது தலை குனியவில்லை. சொல்லி முடித்து முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மூக்கு போச்சு, கண்ணு போகல்ல. இங்க நாலு மூக்கு சும்மா நிக்குல்லா? வரிசையா வாருங்க."

எனக்குக் கொயர் மாஸ்டரை நினைத்துத்தான் பயம். அவர் காதில் விழுந்தது சபை முழுவதும் விழும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

ஸ்டீபனின் மூக்கு ரப்பரிலேயே ஊறிப்போனது என்று உடனே தள்ளுபடியானது. கொயர் மாஸ்டருக்கு நாத்தம் பட்டால் இடது நாசி மட்டும் விரியும். அது கணக்கில் எடுக்கப்பட்டது. புஷ்பத்தின் புருவம் எல்லாவற்றிலும் நம்பகமானது என்று மைனி தீர்ப்புச் சொன்னாள். அந்தப் பெருமை புஷ்பத்துக்கு இன்னும் இறங்கவில்லை. என் முறை வந்ததும் மைனி என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"உனக்க மூஞ்சி ஒண்ணுக்கும் உதவாது. எப்பவும் வீடு தீப்பிடிச்ச மாதிரியே வச்சிருக்க. நீ போய்த் தண்ணி கோரு."

கோரினேன். புருவம் அசையாமல் நிற்கும்வரை மறுபடியும் ஊறல், அலசல், காற்று, சோடா.

பண்டிகையன்று கொயர் வெள்ளையாக உள்ளே வந்தது. மைனி வழக்கமான இடத்தை விட்டு, ஜனங்களின் முகம் தெரிகிற பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அங்கிகள் கடந்துபோகும்போது அவளுடைய கண் பெஞ்சு பெஞ்சாக மூக்குகள்மேல் நடந்தது. கொயருக்குப் பின்னால் வந்த பேராயர் ஜெபத்துக்கு முன் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். நான் என் மூச்சை நிறுத்தினேன். அவர் சாந்தமாக ஜெபத்தைத் தொடங்கினார். மைனியின் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது.

ஆராதனை முடிந்து, அங்கி என்ன இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் கொயர் மாஸ்டர், மைனி மோந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கொண்டுவந்தோம் என்றார். மைனி அதை மறுக்கவில்லை. ராணி மாதிரி தலையை மட்டும் அசைத்தாள். அன்றைக்கு யாரும் வடசேரி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மைனி என் பக்கத்தில் வந்து, "இன்னைக்குத்தான் மக்கா உனக்க மூஞ்சிய எனக்குப் படிக்க முடிஞ்சுது" என்றாள்.

அவளுடைய வேலியில் பிச்சிக்கொடி படர்ந்திருக்கிறது. சாயங்காலம் அங்கே போகும்போது கொடியடியில் கொஞ்சம் நிற்பேன். கவலைகளை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, மணத்தை நன்றாக இழுத்து, அது முகத்தில் இறங்கிய பிறகுதான் படியேறுவேன். மைனி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

"இன்னைக்கு மணம் கூடுதலாக்கும், இல்லியா மக்கா?"

இதுவரை ஒருநாளும் அவள் சொன்னது தப்பிப்போனதில்லை.