பழைய பிரிட்ஜுக்குள் குடியேறிய கல்யாணப் படங்கள்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஆயுள் முழுவதும் இரும்பு உருக்காலையில் மேற்பார்வையாளராக இருந்தவனுக்கு ஓய்வு பெற்றபின் மேற்பார்வையிட வீட்டைத் தவிர வேறிடம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஆலைகளை ஒட்டிய எங்கள் வீட்டில் அந்தக் கொடுமைக்கு ஆளானவர்கள் என் துணைவியார் சரோஜாவும் மகள் கலைவாணியும்.

கலைவாணியின் திருமணம் முடிந்து, மாப்பிள்ளை வெளிநாட்டுப் பணிக்குத் திரும்பியிருந்தார். விசா கிடைத்ததும் அவளும் புறப்பட வேண்டும். அதற்குக் கல்யாணப் படங்களைக் காட்டியாக வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். சடங்குகளும் இரு குடும்பத்தாரும் தெரிய வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் இருந்த ஜோடிப் படங்கள் போதாவாம்.

இணையத்தில் படங்களைச் சேமிக்க மாதந்தோறும் கட்டணம் கேட்டார்கள். நம் முகத்தைக் குடிவைக்க நாம் ஏன் வாடகை தர வேண்டும் என்று வெகுண்டு, வீட்டுக்கென்றே ஒரு சர்வர் அமைக்கத் தீர்மானித்தேன். அதாவது, படங்கள் அனைத்தும் ஒரே கணினியில் இருக்கும். வீட்டிலுள்ள எவரும் தத்தம் கைப்பேசியில் அவற்றைத் திறந்து பார்க்கலாம். இக்கலையைக் காணொளிகள் பார்த்தே கற்றேன். கணினி காயலான் கடையில் கிடைத்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் புதியது. (இரண்டு வாங்கி, ஒன்றின் நகலை மற்றொன்றில் வையுங்கள் என்று காணொளி இளைஞர் மன்றாடினார். வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கினேன்.)

எங்கள் பகுதியில் காயப்போட்ட வேட்டி மாலைக்குள் இரும்புத்தூள் படிந்து பழுப்பேறிவிடும். அத்தூசி புகாத பெட்டி வேண்டுமே! பின்கட்டில் உயிர்விட்டு நின்ற பழைய பிரிட்ஜ் கண்ணில் பட்டது. முதுகில் துளையிட்டு, வயரை உள்ளே விட்டு, அடித்தட்டில் கணினியை அமர்த்தினேன்.

"நைனா, பிரிட்ஜு சூட்ட வெளிய உடாது. உள்ள மிஷினு வெந்துடும்" என்றாள் கலைவாணி.

"பர்னஸ் பக்கத்துலயே நின்னு வேல பாத்தவன் நானு. எனக்கே சூட்டப் பத்தி சொல்றியா?" என்றேன்.

அதன்பின் வீட்டாரின் கைப்பேசிகளை வரிசையாக வாங்கி, படங்களைச் சர்வரில் ஏற்றி, மூலப் படங்களை அழித்தேன். சம்பந்தி வீட்டாரும் மரியாதைக்குக் கட்டுப்பட்டு நீட்டினார்கள். ஸ்டூடியோக்காரர் தந்த பென் டிரைவைக்கூட விடவில்லை. துடைத்துவிட்டு அதில் பக்திப் பாடல்களை நிரப்பினேன். (ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னுடையதே. ஒன்றையும் தேர்ந்தெடுத்தபாடில்லை.)

அடங்காதவர் ஒருவர்தான்: பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் ஏகாம்பரம்.

"என் போன்ல கீறது என் மூஞ்சி, மாமா. அத இன்னாத்துக்கு உங்க பொட்டில பூட்டி வெக்கணும்?"

அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்தினேன்.

மார்கழி வந்தது. குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று சரோஜா அலுத்துக்கொண்டார். மகள் குறையாகச் சொன்ன வெப்பத்தை நிறையாக நிரூபிக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? மாவுப் பாத்திரத்தை நானே எடுத்துச் சென்று, கணினிக்கு மேலிருந்த கம்பித்தட்டில் வைத்தேன். மறுநாள் இட்லி பஞ்சாக வந்தது. நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, விசாவுக்கான படங்களைத் தேர்ந்தெடுக்கச் சம்பந்தி தம் துணைவியாருடன் வருவதாக இருந்தது. விருந்தாளிகளின் காலை நாஷ்டாவுக்காக முந்தைய மாலையே வீட்டின் மிகப் பெரிய பாத்திரத்தில் மாவை நிரப்பி வைத்தேன். வழிவதற்கு இடம் விட வேண்டும் என்று சரோஜா சொன்னது காதில் விழுந்தது. காதோடு நின்றுவிட்டது.

காலையில் வந்திறங்கிய சம்பந்தியின் கைப்பேசியில் படங்கள் திறக்கவில்லை. "நேரிலேயே பாருங்கள்" என்று அழைத்துச் சென்று, சன்னதியைத் திறக்கும் பாவனையில் பிரிட்ஜ் கதவைத் திறந்தேன்.

உள்ளே வெண்பனி பெய்திருந்தது. மாவு பொங்கிக் கம்பிகளின் இடையே ஒழுகிக் கணினியை அடியோடு மூடியிருந்தது. கருகிய வயரின் நாற்றமும் புளித்த மணமும் கலந்து முகத்தில் அறைந்தன. ஹார்டு டிஸ்க்கின் தலைமேல் உருண்டையாக ஒன்று வெந்து அமர்ந்திருந்தது.

சம்பந்தி எட்டிப் பார்த்தார். "படம் எங்கீது சம்பந்தி? இட்லிதான் கீது."

கலைவாணி பிரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சென்னையில் பழுதுபார்ப்பவர் டிஸ்க்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கெட்டுப் போவல சார், வெந்து போச்சி" என்று திருப்பித் தந்தார். ஸ்டூடியோக்காரரோ, என்னிடம் கொடுத்த கையோடு அழித்துவிட்டதாகச் சொன்னார். மிச்சமிருந்தது ஒரே வழி. பள்ளிப்பட்டுக்குப் பேருந்து ஏறினேன்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மாமா. மாவு வழிஞ்சி பேஜாரா பூட்ச்சாமே? அக்கா சொல்லிச்சி."

"ஏகாம்பரம், அந்தக் கல்யாணப் படம்..."

"என் மூஞ்சி இப்ப வேணுமா?"

"வேணும்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல உலையருகே நின்றதைவிட அதிகமாக வியர்த்தது.

மாமா மாமா என்று என் முதுகைத் தட்டி, சோறு போட்டு, படங்களையும் தந்தார். அத்தனையும் செல்ஃபி. தாலி கட்டும் படத்தில் முன்னால் ஏகாம்பரம். அவருடைய இடது காதுக்குப் பின்னால் என் மகள். மாலை மாற்றும்போது வலது காதுக்குப் பின்னால் மாப்பிள்ளை. இரு குடும்பத்தாரும் ஒன்றாக நின்ற படத்தில் அவருடைய வாய் நிறைய ஜாங்கிரி.

அவற்றையே எடுத்துக்கொண்டு கலைவாணி நேர்காணலுக்குச் சென்றாள். எல்லாப் படத்திலும் இருக்கும் இவர் யார் என்று அதிகாரி கேட்டாராம். "தாய்மாமா. இவர் இல்லாம எந்தச் சடங்கும் நடக்காது" என்றாளாம். அதிகாரி சிரித்துவிட்டாராம். விசா கிடைத்தது.

இன்று எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே கல்யாணப் படம் ஏகாம்பரத்தின் இடது காது. வருவோர் எல்லோரும், "மாப்ள யாரு, முன்னால கீறவரா?" என்று கேட்கிறார்கள். கலைவாணி வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போதெல்லாம் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "நைனா, மாவு எங்க வெச்சிகீறீங்க?" என்கிறாள்.

ஐயா, அம்மையீர், உங்கள் இதழுக்கு அனுப்பும் இக்கட்டுரையைத் தயவுசெய்து பாதுகாத்து வையுங்கள். இரண்டு பிரதிகளாக வையுங்கள். ஒன்றை என் மைத்துனரிடம் கொடுத்துவிடுங்கள்.