மாமியின் வாக்குக்கு ஓர் ஆட்சேபனை

வருங்கால மாமியாரை முதன்முதலாகச் சந்திக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். தேத்தண்ணி கொடுப்பார்கள். கொஞ்சம் நடிக்கத் தெரிந்தவர்கள் வெட்கப்படுவார்கள். நான் என் மாமியாரைப் பார்த்து, முழு வாக்களிப்பு நிலையத்துக்கும் கேட்கும்படி, "இவ கள்ள வாக்குப் போட வந்தவ" என்று சொன்னேன்.

சத்தியமாக அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாய் என்பது என் கணவர் கஜனின் கட்சி. (அந்தக் காலத்து என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். வாதாடிப் பயனில்லை.)

அந்தக் காலத்து நான் என்றால், புதிதாக வாக்குரிமை கிடைத்த நான். கரடியனாற்றில் இருந்து கம்பஸுக்குப் போய்வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்க ஆட்கள் பயப்படுவார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரைக்கு, கார்ப்பெட் ரோட்டு. இந்தப் பக்கம் படுவான்கரையில் எங்களுக்கு மட்டும் கிரவல் ரோட்டா? யானை வேலி தேர்தலுக்குத் தேர்தல் வாயால் வருகிறது, யானை மட்டும் ஏன் காலால் வருகிறது? அரசாங்க வேலைக்குப் படிப்பு வேண்டுமா, ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமா? இப்படி ஏறும் இடத்தில் தொடங்கினால் இறங்கும் இடம் வரை ஓயமாட்டேன். "இந்த வாய்க்கு ஜனாதிபதிப் பதவியும் காணாது" என்பார் அப்பா. அந்தக் கருத்துகளில் பெரும்பாலானவற்றை நான் இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. சத்தத்தைத்தான் குறைத்திருக்கிறேன்.

அந்த முறை எங்களைப் போன்ற சில இளசுகள் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழுவில் தேர்தலில் நின்றார்கள். நான் முகவர். அதாவது வாக்களிப்பு நிலையத்துக்குள் இருந்து, வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று பார்ப்பது என் வேலை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தை நானே கேட்டு வாங்கினேன். அது கஜனின் ஊர். (காதலும் ஜனநாயகமும் ஒரே ஓட்டோவில் போகட்டுமே என்றுதான்.) முதல் நாள் எங்களுக்கு வகுப்பெடுத்த குழுத் தலைவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வெளிநாட்டில இருக்கிற ஆக்கள்ற பேரில வந்து போடுவாங்க. விரலப் பாருங்க. மை தெரியாம இருக்கத் துணி சுத்திக்கிட்டும் வருவாங்க."

தேர்தல் நாள் பின்னேரம் கஜனின் அம்மா என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. இதில்தான் என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கஜன் ஒரே பிள்ளை, தகப்பன் இல்லை. அவரை எங்கள் வீட்டுக்கு விட்டுவிட்டு அந்த அம்மா தனியே இருக்க வேண்டும். அதனால் மாதக்கணக்காகப் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் "புள்ளையப் பாத்துட்டுச் சொல்லுறன்" என்று இறங்கி வந்திருந்தார். அவர் மாட்டேன் என்றால் கஜன் மீறி வரமாட்டார். வரவேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். தேர்தல் நாள் காலையில் கஜன் போனில் கெஞ்சினார்: "துஷா, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாயக் கட்டு."

எங்கள் ஊரில் வெள்ளெனவே என் முதல் வாக்கைப் போட்டுவிட்டு, காலையில் இருந்த எங்கள் முகவரை மாற்றிவிட, கஜனின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் அமர்ந்தேன். மற்றக் கட்சிகளின் முகவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒருவர் அரைத்தூக்கம், ஒருவர் முழுத்தூக்கம். நான் மட்டும் ஒவ்வொரு விரலாக முறைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு பெண் வந்தார். ஈரத் தலையை அள்ளி முடிந்திருந்தார். வெளுத்த சட்டை, காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. அலுவலர் பெயரை வாசித்தார்: "கந்தப்போடி நேசம்மா." அடையாள அட்டையை எட்டிப் பார்த்தேன். படத்தில் இரட்டைப் பின்னலோடு, கன்னம் உப்பிய ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. (பரீட்சைக்காகப் பள்ளிக்கூடத்தில் எடுத்த அட்டை. எங்கள் ஊரில் பாதிப் பேரின் அட்டை அப்படித்தான். அது என் மண்டையில் ஏறவில்லை.) பிறகு விரலைப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல். மை பூசும் அதே விரல். அதில் துணி சுற்றியிருந்தது!

கஜனின் அம்மாவின் படத்தை நான் பார்த்திருந்தேன். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் பட்டுச்சேலை, பெரிய கொண்டை, கழுத்து நிறைய நகை. நேரில் கண்டால் அடையாளம் தெரியும் என்று நம்பியிருந்தேன். பெயரும் தெரியாது. ஊரே அவரைக் கிளியக்கா என்றுதான் கூப்பிடும்.

எழும்பினேன்.

"சேர், எனக்கு ஆட்சேபனை இரிக்கு!"

முழுத்தூக்கம் கண் விழித்தது.

"என்ன ஆட்சேபனை, தங்கச்சி?" என்றார் பொறுப்பதிகாரி.

"இவ கள்ள வாக்குப் போட வந்தவ. படத்தில இருக்கிறது வேற ஆள். நேசம்மா எண்டவங்க பாவம், எங்க இரிக்காங்களோ தெரியா. அவங்கட வாக்க இவ போட உடமாட்டன். விரல் துணிய அவிழ்க்கச் சொல்லுங்க."

அதிகாரி தகப்பன் பெயர், வீட்டு முகவரி எல்லாம் கேட்டார். அந்தப் பெண் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். "பாடமாக்கிக்கிட்டு வந்திருப்பாங்க, சேர்" என்றேன். (இந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் தலையணையில் முகத்தைப் புதைக்கத் தோன்றுகிறது.)

"விரல் வெட்டுப்பட்டுட்டு மனே, தேங்காய் துருவக்குள்ள" என்றார் அவர், என்னைப் பார்த்து, ஆறுதலாக, சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது போல. "அவிழ்க்கத்தான் வேணுமெண்டா அவிழ்க்கிறன்."

அவிழ்த்தார். மை இல்லை. இரத்தம் இருந்தது. ஒட்டியிருந்த துணியை இழுத்ததில் காயம் மறுபடி திறந்துகொண்டது. பெண்கள் வரிசையில் இருந்து "ஐயோ, கிளியக்கா!" என்று ஒரு குரல். "ஆருகா இந்தப் புள்ள? எந்த ஊர்ச் சனியன்?" என்று இன்னொரு குரல். என் காதுக்குள் வெற்றி முழக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் முதற்குரல் விழவில்லை. இரண்டாவது மட்டும் நன்றாக விழுந்தது.

அதிகாரி உறுதிமொழி எழுதி வாங்கி, பக்கத்து விரலில் மை பூசி, வாக்களிக்க விட்டார். திரும்பிப் போகும்போது அந்தப் பெண் என் முன்னால் நின்றார்.

"பேரென்ன மனே?"

"துஷா."

"எந்த ஊரு?"

"கரடியனாறு."

உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை. "ம்" என்றார். போய்விட்டார். நான் ஆளை நடுங்க வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வாக்களிப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, குளித்து, சேலையைச் சுற்றி முடிக்க, வாசலில் வேன் வந்து நின்றது. அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தேன். கஜனுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை, பெரிய கொண்டை, நகை. படத்தில் கண்ட அதே அம்மா. அப்பாடா என்று தட்டை எடுத்துக்கொண்டு போனேன். முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் குனிந்து நீட்டினேன். (நடிப்புத்தான்.) ஒரு கை வந்து கோப்பையை எடுத்தது. சுண்டுவிரலில் புதுத் துணி. பக்கத்து விரலில் மை.

தட்டு சரிந்து மிச்சத் தேத்தண்ணி முழுக்கக் கஜனின் மடியில். அவர் துள்ளி எழும்ப, என் அம்மா "என்னடி நடந்த?" என்று ஓடிவந்தார்.

"ஒண்டுமில்ல" என்றார் கஜனின் அம்மா. "நாங்க ரெண்டு பேரும் காலையிலயே சந்திச்சிட்டம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமி, தெரியாமச் செஞ்சிட்டன்" என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கஜன் நனைந்த காற்சட்டையோடு சுவரைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"கஜன் சின்னப்புள்ளயா இருக்கக்குள்ள ஒரு தேர்தல். புள்ளையையும் இடுப்பில வெச்சிக்கிட்டு, வெயிலுக்க வரிசையில நிண்டு உள்ளுக்குப் போனா, என்ட வாக்க ஆரோ போட்டுட்டுப் போயிட்டாங்க. முகவர் எண்டு எத்தின பேர் குந்திக்கிட்டு இருந்தாங்க தெரியுமா? எல்லாரும் என்னைத் தெரிஞ்சவங்கதான். ஒருத்தன் வாய் திறக்கல்ல. அழுதுக்கிட்டு வீட்ட வந்தன்."

துணி சுற்றிய விரலை மாமி என் பக்கம் நீட்டினார்.

"இண்டைக்கு இந்தப் புள்ள நேசம்மாட வாக்கக் களவு போக உடமாட்டன் எண்டு எழும்பி நிண்டிச்சு. என்ட வாக்குக்காக என்னோடயே சண்ட பிடிச்சிச்சு!" சிரிக்கத் தொடங்கிவிட்டார். "எனக்கு விரல் நோவு ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். ஊரக் கேட்ட உடனே ஆளும் விளங்கிட்டு. என்ட மகன எங்கயாச்சும் உடத்தான் வேணுமெண்டா, இப்பிடிக் காவல் இரிக்கிற வீட்டில உட்டுட்டுப் போகலாம்."

பிறகு ஒரு பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். கொழுக்கட்டை. "இதுக்குத் தேங்காய் துருவக்குள்ளதான் வெட்டுப்பட்ட. நீதான் முதல் தின்னணும்." அழுதுகொண்டே தின்றேன். அதைவிட ருசியான ஒன்றை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

எங்கள் குழு தோற்றது. சும்மா தோற்கவில்லை, பார்த்தவர்கள் பரிதாபப்படும்படி தோற்றது. நான் மட்டும் வென்றேன். பதிவுத் திருமணத்தன்று பதிவாளர் "இதில் யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்று கேட்க, இரண்டு வீட்டாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து மாமியின் ஊரில் எனக்குப் பெயர் "முகவர்". மாமி இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அன்றைக்கு என்னை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லையே என்ற நன்றி எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

வாக்கை மட்டும் அவர் எங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. போன தேர்தலிலும் நான்தான் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வெளியே மரநிழலில் காத்து நின்றேன். வரிசை நகரவேயில்லை. உள்ளே யாரோ ஒரு கிழவி முகவர்களோடு மல்லுக்கு நிற்கிறாவாம் என்று சனம் முணுமுணுத்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். மாமி அடையாள அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, பத்து விரலையும் விரித்துக்கொண்டு முகவர்களின் மேசைக்கு முன்னால் நின்றார். அவர்களோ போகும்படி கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்கள்.

"வடிவாப் பாருங்க மனே" என்றார் மாமி. "பாக்காம என்னைப் போகச் சொல்லாதீங்க."