கைலாயத்துக்கு ஒரு செபமாலை

தராசு பதின்மூன்றரைக் கிலோ என்றது. உருத்திரமூர்த்தி பையை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தார். அதே பதின்மூன்றரை.

வழிகாட்டியின் கடிதத்தில் பத்துக் கிலோ என்று தடித்த எழுத்தில் இருந்தது. மேலே கூடும் ஒவ்வொரு கிலோவும் ஒரு சுமைகாரரின் முதுகில்தான் ஏறும் என்றும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த நாள் முதல் உருத்திரமூர்த்திக்குத் தன் முதுகே வலித்தது.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மா மூட்டைகளோடு மல்லுக்கட்டியவருக்கு, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுத்த ஓய்வுப் பரிசு இந்தப் பயணம். நேபாளத்தில், ஷெர்ப்பா மக்களின் மலைநாட்டில் பன்னிரண்டு நாள் நடை. வழிகாட்டி முன்னே போவார். பொழுது சாய்ந்தால் ஒரு தேநீர் விடுதியில் படுக்கை. விடிந்தால் இன்னும் உயரத்தில் இருக்கும் அடுத்த விடுதிக்கு நடை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடமாகிவிட்டது, போகலாம் என்று வைத்தியர் ஒப்பமிட்டுவிட்டார். மனைவி குணேஸ்வரி "போட்டு வாங்கோ" என்றதோடு சரி. பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிசகியது ஹம்மிலுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலில்தான். இமயமலை என்று அவர் சொல்ல, சனம் அதைக் கைலாயம் என்று முடிவுகட்டிவிட்டது.

முதலில் வந்தவன் மதிசுதன். கார்ச் சாவியை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தான்.

"அண்ணை, புதுக் கார். கைலாயத்தில வைச்சுக் கும்பிட்டுப்போட்டுக் கொண்டுவாங்கோ."

"தம்பி, நான் கைலாயத்துக்குப் போகேல்லை. அது வேற பக்கம்."

"திறப்பு கவனம் அண்ணை. கட்டாயம் திருப்பித் தரவேணும்."

"நான் சொல்லுறது விளங்குதோ?"

"ஓம் ஓம்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

"பாவம், வாங்கி வையுங்கோ," என்று குணேஸ்வரி ஒரு கொப்பியை எடுத்து, 'மதிசுதன், கார்த் திறப்பு' என்று எழுதிக்கொண்டார்.

பிறத்தியார் பொருள் விஷயத்தில் உருத்திரமூர்த்தி ஒரு மாதிரி. கோயிலில் யாரோ ஒரு மாணவன் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க, பனி கொட்டிய நாளில் மூன்று ரயில் மாறி டிரெஸ்டன் வரை போய்வந்தவர். குடைக்காரன் குடையையே மறந்திருந்தான். அப்படிப்பட்டவர், பொய் சொல்லி ஒரு சாவியை மலைக்குக் காவிக்கொண்டு போவதா?

அடுத்த வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நான் போறது கைலாயத்துக்கில்லை. தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு மலை ஏறப் போறன். அவ்வளவுதான்."

வரிசையில் சிலர் கைகூப்பினார்கள்.

"பாருங்கோ, பெரிய பக்தர்மார் இப்பிடித்தான் மறைப்பினம்," என்றார் கஜந்தி அக்கா.

மறுநாள் நாலு பொதி வந்தது. கஜந்தியின் மகளுடைய சாதகம், ஒரு வெள்ளிச் சிமிழ், ஒரு குழந்தையின் முதல் சப்பாத்து, வீடு வாங்கிய பத்திரம். நாலு பேரும் போகும்போது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: திருப்பித் தரவேணும்.

கடைசி நம்பிக்கையாகக் கோயில் ஐயரிடம் போனார்.

"ஐயா, நீங்கள் சொன்னால் சனம் கேக்கும். அது கைலாயம் இல்லையெண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ."

ஐயர் கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு வெண்கல மணியோடு வந்தார்.

"இதின்ர நாக்குக் கழண்டு விழும், கவனம். திருவிழாவுக்கு முந்தி எனக்கு வேணும்."

மணி மட்டும் இரண்டு கிலோ.

வேறு வழியில்லாமல் உருத்திரமூர்த்தி தன் பொருட்களைக் குறைக்கத் தொடங்கினார். கம்பளிச் சட்டை போயிற்று. காலுறைகள் போயின. தடித்த ஜாக்கெட்டை எடுத்து வெளியே வைத்ததும் தராசு சரியாகப் பத்துக்கு வந்தது. அவர் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, பையைச் சரிபார்க்க வழிகாட்டி பெம்பா வீடியோவில் வந்தார். ஜெர்மன் நன்றாகப் பேசுவார்.

"ஜாக்கெட் எங்கே?"

"இடமில்லை."

"அது என்ன, மணியா? அது யாருடைய சப்பாத்து? உங்கள் காலுக்குச் சரிவராதே."

உருத்திரமூர்த்தி பையின் வாயை மூடினார்.

"ஐயா, ஐயாயிரம் மீட்டரில் மணி குளிர் தாங்கும். நீங்கள் தாங்கமாட்டீர்கள். ஜாக்கெட் இல்லாமல் வந்தால் முதல் விடுதியிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்."

திரை அணைந்தது. கதவு மணி அடித்தது. கத்தோலிக்கரான கீழ்வீட்டுக் கொறற்றி ஒரு சிறிய பெட்டியோடு நின்றார்.

"அண்ணை, இது அம்மான்ர செபமாலை. மலையில ஒருக்கால் வைச்சுப்போட்டு..."

"கொறற்றி, நீங்களுமோ? கைலாயத்துக்குச் செபமாலையோ?"

"மலை எல்லாருக்கும் பொதுதானே. ஆனால் திருப்பித் தந்துபோடவேணும்."

உருத்திரமூர்த்தி பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஐயரின் மணி கிணுங்கியது.

"எனக்கு ஏலாது. இவ்வளவு பேரையும் ஏமாத்திப்போட்டு நான் ஒரு மலையும் ஏறமாட்டன். குணேசு, அந்தக் கொப்பியைத் தாரும். இண்டைக்கே எல்லாத்தையும் அவையவையிட்டக் குடுத்துப்போட்டு, வெறும் பையோட போறன்."

குணேஸ்வரி கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு, கொடுக்காமலே விறுவிறென்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இவவுக்கு என்ன நடந்தது?" என்றார் உருத்திரமூர்த்தி.

கொறற்றி சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, செபமாலையை அவர் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அண்ணை, கைலாயம் இல்லையெண்டு ஐயரில இருந்து எல்லாருக்கும் முதலே தெரியும். 'பிறத்தியாற்ற சாமானைத் திருப்பிக் குடுக்காமல் இந்த மனுசன் சாகமாட்டார், ஆளுக்கொண்டு குடுத்துவிடுங்கோ' எண்டு வீடு வீடா வந்து கேட்டதே குணேஸ்வரி அக்காதான்."